கட்டிலுக்கடியில் எட்டு பிளேட்

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நேற்று தாரிணியின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கு ஒரே பெண். தை மாதம் கல்யாணம். பையன் அபினவ், புனேயில் வேலை, நல்ல உயரம், நல்ல குணம். அவனுடைய தாய்மாமன் விச்சுவைப் பற்றி அப்படியெல்லாம் எழுத எனக்கு மனசில்லை. ஐம்பத்தைந்து வயதில் சட்டைக் கை தெறிக்கிற மாதிரி புஜத்தை வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஜிம்முக்குப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "மாலை மாத்தறப்போ எங்க பையனை நான் தூக்கிடுவேன். எண்பத்தஞ்சு கிலோ. உங்க பொண்ணை நீங்க தூக்கிடுவேளோன்னோ? இல்லே, மண்டபத்துல ஒரு ஸ்டூல் போடச் சொல்லட்டுமா?" என்றார். இலை போட்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தாரிணி பரிமாறிக்கொண்டிருந்தவள் நின்றாள். "என் மாமாவுக்கு எழுபது கிலோவெல்லாம் ஒரு கை" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்ணையும் பிள்ளையையும் அவரவர் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். மேலே இருந்தபடி அவர்கள் மாலை மாற்றிக்கொள்வார்கள். மாமனுக்கு அன்று உள்ள ஒரே பெரிய வேலை அதுதான். அவள் அப்பா, என் அத்திம்பேர், தவறிப்போனபோது தாரிணிக்கு ஆறு வயது. வீட்டுக்குள் கேட்ட அழுகை அவள் காதில் விழக்கூடாது என்று அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். "உன் கல்யாணத்தன்னிக்கும் இப்படியேதாண்டி" என்று அன்று சொன்னது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. எனக்கும் கௌசிக்கும் குழந்தை இல்லை. இவள்தான்.

ஒரே ஒரு குறை. தட்டு மாற்றும்போது என் கையிலிருந்து தட்டு சரிந்து தேங்காய் உருண்டுவிட்டது. அக்கா முகம் வெளுத்துப்போயிற்று. யாரோ நெய்க்கையோடு தட்டைத் தொட்டிருக்கிறார்கள்.

டம்பெல்ஸ் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29

பாங்கிலிருந்து நேரே பெரிய கடைவீதிக்குப் போனேன். ஷாஜஹான் பாய் கடை. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மூலையில் இரும்புச் சாமான்.

இரண்டு வகை உண்டாம். ஒன்று பிக்சட்: வார்த்து எடுத்த ஒரே கட்டி, அதில் எழுதியிருக்கிற எடைதான் அதன் ஆயுசு முழுக்க. இன்னொன்று கழற்றி மாட்டுவது: ஒரு ராடு, இரண்டு பக்கமும் பிளேட் மாட்டி நட்டைத் திருக வேண்டும். வேண்டுமென்றால் ஏற்றலாம், இறக்கலாம். முப்பது வருஷம் கடன் மனுக்களைப் படித்தவன் நான். பாயைக் குறுக்கு விசாரணை செய்தேன். பிக்சட் வாங்கினால் ஒவ்வொரு எடைக்கும் ஒரு ஜோடி வேண்டும், வீடு இரும்புக் கடையாகிவிடும். கழற்றுகிறது ஒரே செட்டில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நட்டைத் திருக வேண்டும், சரியாகத் திருகாவிட்டால் பிளேட் காலில் விழும்.

"சார் வயசுக்கு நான் பிக்சட்தான் சொல்லுவேன்" என்றார் பாய்.

"ஏன்?"

"கழட்டுறது கையில இருந்தா மனசு கழட்டச் சொல்லும் சார். காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு ரெண்டு கம்மியா போதுமேன்னு தோணும். பிக்சட்ல அந்தப் பேச்சே இல்ல. தூக்குனா தூக்குனதுதான்."

"எனக்கு ஏற்றிக்கொண்டே போக வேண்டும், பாய். தை மாதம் எழுபது கிலோ."

"அப்ப இதை எடுத்துட்டுப் போங்க. ஏத்திக்கிட்டே போகலாம்" என்று செட்டைத் தூக்கி வைத்தார். இரண்டு ராடு, எட்டு பிளேட். ராடு இரண்டு கிலோ, பிளேட் ஒவ்வொன்றும் ஒன்றேகால். எட்டையும் மாட்டினால் கைக்கு ஏழு கிலோ வருகிறது. மேலே வேண்டுமென்றால் தனியாக பிளேட் தருவாராம். மார்கழிக்குள் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஆட்டோவிலிருந்து இறக்கும்போது வலது கை நழுவியது. பை சரியில்லை.

செப்டம்பர் 1

முதல் நாள். எட்டு பிளேட்டையும் மாட்டிவிட்டேன். அரைகுறையாக ஆரம்பிப்பது என் சுபாவமில்லை. கௌசி காபியோடு வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏன்னா, முகம் ஏன் இப்படிக் கோணிண்டு போறது? அதைக் கீழ வெச்சுட்டு காபியைக் குடியுங்கோ."

"விச்சு மூஞ்சியை நினைச்சுண்டு தூக்கறேன்."

"அவர் மூஞ்சி என்ன பாவம் பண்ணித்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இடது கை ஒழுங்காக ஏறுகிறது. வலது கொஞ்சம் மந்தம். வலது கைக்காரனுக்கு இடது கை முந்துவது வேடிக்கைதான். சோம்பேறித்தனம், சரியாகிவிடும்.

செப்டம்பர் 5

உடம்பெல்லாம் வலி. நல்ல வலி.

செப்டம்பர் 13

ஒரு முன்னேற்றம். வலது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் சதை தானாகத் துடிக்கிறது. குளத்துத் தண்ணீருக்கடியில் மீன் ஓடுவது போல. டம்பெல்லைத் தொடாமல் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட. யூடியூபில் பயிற்சி சொல்லித் தருகிறவன், சதை வேலை செய்ய ஆரம்பித்தால் துடிக்கும் என்கிறான். கௌசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "வலிக்கறதா?" என்றாள். இல்லை என்றேன். "வலிச்சாத் தேவலையே" என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது.

செப்டம்பர் 24, ஞாயிறு

வலது ராடிலிருந்து இரண்டு பிளேட்டைக் கழற்றிவிட்டேன். எடை முக்கியமில்லை, தூக்குகிற முறைதான் முக்கியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கழற்றியதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறேன், கால் இடறாமல்.

செப்டம்பர் 28

இடது பக்கமும் இரண்டைக் கழற்றினேன். இரண்டு கையும் சமமாக வளர வேண்டும் இல்லையா.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி, பாங்க் விடுமுறை. ஒரு வாரமாக ஒரு சந்தேகம். நாலரை கிலோ என்று நான் நினைத்துத் தூக்குவது நாலரை கிலோதானா? கை சொல்கிற கணக்கு வேறாக இருக்கிறது. எடை போட்டுப் பார்ப்பது என்று டம்பெல்லைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு முக்கில் இருக்கிற பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வாங்கித் தராசில் போட்டார். "நாலரை சார். இரும்பு வெலை போட்டுரவா?"

"விற்க இல்லையப்பா. எடை மட்டும்தான்."

திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்தேன். பழைய பேப்பர்காரன் தராசு என்ன காட்டும் என்பது ஊருக்கே தெரியும். பத்து கிலோ பேப்பரைத் தூக்கிக்கொண்டு போனால் எட்டு என்பான். கௌசி மாதாமாதம் அவனோடு சண்டை போடுகிறாள். குறைத்துக் காட்டுகிற தராசே நாலரை காட்டுகிறது என்றால் உண்மையான எடை ஐந்தரைக்குக் குறையாது! பாய் ஏமாற்றிவிட்டார், ஆனால் என் நல்லதுக்கு ஏமாற்றியிருக்கிறார். நான் நினைத்ததைவிட ஒரு கிலோ அதிகமாகத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கௌசியிடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். பிறகு "சரி, ரசத்துக்குத் தக்காளி வாங்கிண்டு வந்தேளா?" என்று கேட்டாள். மறந்துபோய்விட்டேன்.

அக்டோபர் 20

நவராத்திரி. நேற்று கொலுவுக்கு வந்த அக்கா கல்யாண மண்டபத்துக்காரன் போன் செய்ததைச் சொன்னாள். முன்பணத்துக்கு நான் கொடுத்த செக் திரும்பி வந்துவிட்டதாம். கையெழுத்து பொருந்தவில்லை என்று. அதுவும் என் பாங்கில், என் கிளையில். காலையில் போய் கிளார்க் பெண்ணைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவள் என் பழைய கையெழுத்தைத் திரையில் எடுத்து வைத்து, பக்கத்தில் செக்கை வைத்தாள். "நீங்களே பாருங்க சார்."

பார்த்தேன். பேனா மட்டம். வேறு பேனா வாங்க வேண்டும்.

பெட்டக அறைச் சாவியை இரண்டு கையாலும் திருகுகிறேன். பூட்டுக்கு எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 31

வலது ராடில் மீதியிருந்த இரண்டையும் கழற்றினேன். இந்த வாரம் மட்டும்.

நவம்பர் 3

கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தேன். தையற்காரர் நாடா பிடித்து வலது கையை அளந்தார், இடதை அளந்தார், மறுபடியும் வலதை அளந்தார். "சார், ஒரு கை ஒல்லியா இருக்கே, அடிபட்டுச்சா?" என்றார். டம்பெல்ஸ் எடுக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. நாடா இழுபட்டுப் போயிருக்கும், இவர் கடைக்கு இனிமேல் போகப்போவதில்லை.

வரும் வழியில் பாய் கடை. உங்கள் பிளேட் எடை கூடுதல் என்றேன். கல்லாவில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கூட எடை வச்சு இரும்பு விக்கிற கிறுக்கனை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா சார்?"

நியாயமான கேள்வி.

நவம்பர் 7

ஒரு பிளேட்டைப் பையில் வைத்து பாங்குக்கு எடுத்துப்போனேன். நகைக்கடன் தராசில் வைத்துப் பார்த்தேன். அந்தத் தராசு பொய் சொல்லாது. ஒன்றேகால் கிலோவுக்கு இரண்டு கிராம் குறைவு.

நவம்பர் 12, தீபாவளி

விடிகாலையில் கௌசி மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைத்தாள். உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். விட்ட எண்ணெய் வழிந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே போய்த் தேங்கி நின்றது. அங்கே சதை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டர்கிட்ட போங்கோன்னா" என்றாள். அவ்வளவுதான். தலையில் சூடு பறக்கத் தேய்த்தாள்.

தாரிணி வந்தாள், பட்டாசு வெடிக்க அல்ல, புடவையைக் காட்ட. "மாமா, ஒரு கிலோ குறைச்சுட்டேன், உங்களுக்காக" என்றாள். குறைக்காதேடி, எழும்பாகிவிடுவாய் என்றேன். எலும்பு என்று சொல்லப்போனது அப்படித் தப்பாக வந்தது, நாக்கும் கொஞ்சம் புரளுகிறது. எண்ணெய் ஸ்நானத்தின் களைப்பு.

நவம்பர் 20

எங்கள் டாக்டர் வைட்டமின் குறை என்று சொல்வார் என்று போனேன். முட்டியில் சுத்தியலால் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார், வெகுநேரம் பார்த்தார். பிறகு பெங்களூரில் ஒரு நரம்பு மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். "நான் தப்பா நினைச்சிருக்கேன்னு அவங்க சொல்லட்டும்" என்றார்.

கௌசியிடம் பாங்க் டிரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன். பி12 மாத்திரை வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன், அவள் கண்ணில் படுகிற மாதிரி.

நவம்பர் 29, பெங்களூர்

ஊசியைச் சதைக்குள் குத்திக் கம்ப்யூட்டரில் சத்தம் கேட்கிறார்கள். கையில், தொடையில், நாக்கில்கூட. அந்தச் சத்தம் மழை தகரக் கூரையில் விழுவது போலிருந்தது. மருத்துவர் சின்னப் பெண், தாரிணியைவிட ஐந்தாறு வயது பெரியவள். தமிழில்தான் பேசினாள்.

"கூட யாரும் வரலையா சார்?"

"இல்லை. சொல்லுங்கள்."

சொன்னாள். நோயின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று தோன்றுகிறது. தசையை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கை, அப்புறம் கால், அப்புறம் தொண்டை, கடைசியில் மூச்சு. ஒரு மாத்திரை உண்டு, அது கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. நான் முன்னேற்றம் என்று கௌசியைக் கூப்பிட்டுக் காட்டினேனே, அந்தத் துடிப்பு, அது நரம்பு சாகிறதுக்கு அடையாளமாம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தை மாதம் எழுபது கிலோவைத் தோளில் தூக்க முடியுமா? இரண்டு நிமிஷம் போதும்."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போல. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "டம்பெல்ஸை நிறுத்திடுங்க சார். இருக்கறதைக் களைப்பாக்க வேண்டாம்."

ரயிலில் பக்கத்து ஆள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். என்னால் நூலை அவிழ்க்க முடியவில்லை என்பதை எப்படியோ பார்த்திருக்கிறார். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 4

பெங்களூர் டிரெயினிங் எப்படி இருந்தது என்று கேட்டாள் கௌசி. நல்ல சாப்பாடு என்றேன்.

கல்யாணம் முடிகிறவரை யாருக்கும் தெரியக்கூடாது. அக்காவுக்குத் தெரிந்தால் அழைப்பிதழ் அடிக்கிற வீடு எழவு வீடாகிவிடும். தாரிணி கல்யாணத்தையே தள்ளிப்போடு என்பாள், அவளை எனக்குத் தெரியும். அப்பா இல்லாத பெண்ணுக்கு வருகிற ஒரு நல்ல நாளை நான் கெடுப்பதா?

டம்பெல்ஸை நிறுத்தவில்லை.

டிசம்பர் 15

அரிசி மூட்டை வந்தது, இருபத்தைந்து கிலோ. கௌசி கோவிலுக்குப் போயிருந்தாள். எழுபதில் பாதிகூட இல்லை, தோள் வரை ஏற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இடுப்பு வரை வந்தது. அப்புறம் வலது கை தானாகத் திறந்துகொண்டது, நான் திறக்கவில்லை. மூட்டை வாய் பிரிந்து கூடம் முழுக்கப் பொன்னி அரிசி. கீழே உட்கார்ந்து ஒரு கையால் கூட்டிக்கொண்டிருந்தேன்.

கௌசி வந்து நின்றாள். எலி கடித்திருக்கிறது, பை ஓட்டை என்றேன். "ஆமாம், எலிதான்" என்றாள். முந்தானையைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முறத்தில் அள்ளினாள். கட்டிலுக்கடியில்கூட நாலு மணி உருண்டிருந்தது, அங்கேயும் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். நல்லவேளை, சந்தேகப்படவில்லை.

டிசம்பர் 18

மார்கழி பிறந்துவிட்டது. இடது பக்கத்து இரண்டையும் கழற்றினேன். இப்போது இரண்டு கைக்கும் வெறும் ராடுதான்.

மார்கழிக்குள் வந்து இன்னும் பிளேட் வாங்குகிறேன் என்று பாயிடம் சொல்லியிருந்தேன். அந்தத் தெரு வழியாக இப்போது போவதில்லை.

ஜனவரி 9

தாரிணி வந்து இரண்டு நாள் தங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமா ஆத்துச் சாப்பாடு என்று. காலையில் என் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை கிலோ தூக்கறேள் இப்போ?"

"கைக்குப் பத்து."

"நிஜமாவா?"

"பின்னே?"

மூலையில் கிடந்த ராடைக் காலால் லேசாக உருட்டினாள். பிளேட் இல்லாத ராடு சத்தமில்லாமல் உருண்டு சுவரில் முட்டி நின்றது. காலையில்தான் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன் என்றேன். தலையை ஆட்டினாள். அவள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது நமஸ்காரம் பண்ணினாள். எழுந்து என் சட்டையில் போடாமல் விட்டிருந்த இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டாள். குழந்தையில் அவளுக்கு நான் போட்டுவிட்டது.

ஜனவரி 20

முடிவு செய்துவிட்டேன். 27ஆம் தேதி மண்டபத்துக்குப் போனதும் படியில் வழுக்கி இடுப்பில் அடி என்று சொல்லிவிட வேண்டும். ஒன்றுவிட்ட தம்பி பாலு மும்பையிலிருந்து வருகிறான். அவன் தூக்கட்டும். தடியன். அவளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவனில்லை.

ஆனால் நான் தூக்கினால் கை திறந்துகொள்ளும். அவள் பட்டுப்புடவையோடு தலைகுப்புற விழுவாள்.

ஜனவரி 27

மண்டபம். மூன்று தடவை படிக்கட்டு வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். விச்சு பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஜனவரி 31

மூன்று நாளாகிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

மாலை மாற்றுகிற நேரம். விச்சு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அபினவை ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். கூட்டம் ஓ என்றது. பெண் வீட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா "மகாலி, வாடா" என்றாள். பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. நிஜத்தைச் சொல்லவும் வரவில்லை. நான் குனிந்துவிட்டேன். குனிந்து, அவள் முழங்காலைச் சுற்றிக் கை போடப்போனேன். ஈசுவரா, இரண்டு நிமிஷம் கொடு, அப்புறம் எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் கை என் தோளில் விழுந்தது. "வேண்டாம் மாமா."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "என்னை யாரும் தூக்க வேண்டாம். நான் என்ன மூட்டையா? கீழ நின்னுதான் மாலை போடுவேன். அவரை இறக்குங்கோ."

ஒரே கூச்சல். மாமிகள் முணுமுணுத்தார்கள். விச்சு பையனை இறக்கிவிட்டு, "அன்னிக்கே சொன்னேனே, ஸ்டூல்னு" என்றார், யாரோ சிரித்தார்கள். பாலு, நான் தூக்கறேன் என்று வேஷ்டியை மடித்துக்கொண்டு வந்தான். அவனையும் வேண்டாம் என்றாள். எனக்குக் காது கொதித்தது. எனக்கென்று இருந்த ஒரே வேலையை இத்தனை பேர் முன்னால் பிடுங்கிவிட்டாளே என்று அவளை அறையலாம் போலிருந்தது. அதே நிமிஷம் முதுகெலும்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நிம்மதிக்காக வெட்கப்படுகிறேன்.

"மாமா மாலையை எடுத்துக் கொடுக்கட்டும்" என்றாள்.

தட்டில் ரோஜா மாலை. தடியான மாலை, இரண்டு கிலோவுக்குக் குறையாது. இரண்டு கையாலும் எடுத்தேன். நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை. வலது பக்கம் சரிய ஆரம்பித்தது. தாரிணி தன் இரண்டு கையையும் என் கைக்கு அடியில் கொடுத்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் மாலையை வாங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்திருக்கும். அவள்தான் தூக்கினாள், என் கையையும் சேர்த்து. "பிடிச்சுண்டேன் மாமா, விடாதீங்கோ" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 5

தாரிணியும் அபினவும் நேற்று புனே போய்விட்டார்கள். இன்று காலை கௌசியிடம் கத்தினேன். நான் சொல்லாதது அவளுக்கு எப்படித் தெரியும், நீதான் எதையோ உளறியிருக்கிறாய், உனக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். நாக்கு குழறியது. பாதி வார்த்தை எனக்கே புரியவில்லை.

கௌசி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"நான் ஒண்ணும் உளறலை, அவளுக்கும் கண் இருக்கு. இந்த ஆத்தை யார் பெருக்கறா? தினமும் நான்தான் பெருக்கறேன். கட்டிலுக்கடியில மொதல்ல ரெண்டு இருந்தது. அப்பறம் நாலாச்சு. தீபாவளிக்கு முன்னாடி ஆறு. மார்கழி பொறந்தப்போ எட்டு. ஒவ்வொரு தடவையும் அதை நகத்திட்டுப் பெருக்கிட்டு, நீங்க வெச்ச மாதிரியே திரும்ப வெச்சேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. என்னிக்காவது நீங்களே சொல்லுவேள்னு காத்துண்டிருந்தேன். அரிசி கொட்டினன்னிக்குக்கூட எலிங்கறேள்."

பாய் பிக்சட் வாங்கச் சொன்னார். பிக்சட் வாங்கியிருந்தால் தெரிந்திருக்காது. கழற்றுகிறதை எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும், அதை நான் யோசிக்கவே இல்லை.

பெங்களூர் பெண் சொன்னதை முழுக்கச் சொன்னேன். பெயரையும் சொன்னேன். கௌசி அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல். சாதம் அடிப்பிடித்து வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 19

வாசற்படி தடுக்கி விழுந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே. கௌசியால் என்னைத் தூக்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. எதிர் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வருகிறவரை இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் மூலையில் கிடந்த ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

நான் சொல்ல, கௌசி எழுதுகிறாள். என் பேச்சு புரிகிறவள் இப்போது அவள் ஒருத்திதான்.

பாய் வீட்டுக்கு வந்திருந்தார். கௌசிதான் போன் பண்ணி வரச் சொன்னாளாம், எப்படித் தூக்குவது என்று காட்டித்தர. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். ஐம்பது வயது, என் தோள் உயரம்கூட இல்லை. பாய் என் பக்கம் பார்த்து சலாம் வைத்தார், கை கொடுக்க வந்தவர் நிறுத்திக்கொண்டு தோளைத் தொட்டார்.

"அம்மாவுக்குன்னா பிக்சட்ல ஒரு கிலோ இருக்கு. பொம்பளைங்கதான் வாங்குவாங்க, ரோஸ் கலர். இதை எடுத்துட்டு அதைத் தந்துடறேன்" என்றார்.

"இவர் அறுபத்திரண்டு கிலோ இருக்கார். ஒரு கிலோவை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றாள் கௌசி.

இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்றேன்.

பாய் தரையில் உட்கார்ந்து நட்டை எப்படி இறுக்குவது, முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து எப்படி எழுந்திருப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் போன பிறகு கௌசி கட்டிலுக்கடியில் கையை விட்டாள். ராடுக்கு இரண்டு வீதம் மாட்டி, பாய் சொன்ன மாதிரி நட்டைத் திருகினாள். முகம் கோணிக்கொண்டுதான் தூக்கினாள். விச்சு மூஞ்சியை நினைத்துக்கொள் என்றேன். அவளுக்கு மட்டும் புரிந்தது, சிரித்தாள், சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

கட்டிலுக்கடியில் இப்போது நாலுதான் இருக்கிறது.